முக்கால் மீட்டர் ஆழத்தில்

ஒரகடத்தில் இரண்டு பெரிய சாலைகள் குறுக்கிடுகின்றன. ஒன்று வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போவது. இன்னொன்று சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போவது. இரண்டின் ஓரத்திலும் இப்போது ஆலைகள்தான். ரெனோ-நிஸான் கார் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. டைம்லர் லாரி ஆலை 2012-ல். ராயல் என்ஃபீல்டு 2013-ல். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். இந்த வட்டாரத்தில்தான் வடக்குப்பட்டு இருக்கிறது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் இந்த ஊரில் அகழாய்வு நடத்தியது.

கிடைத்தவற்றை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். நிலத்தின் மேற்பரப்பிலேயே முற்காலப் பல்லவர் பாணிச் சிற்பங்கள். மண்ணுக்குள் சங்க காலச் செங்கல் கட்டுமானம். அதே காலத்து ரௌலட்டட் பானை ஓடுகள், ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைசல்கள், கண்ணாடி மணிகள். அதற்கும் கீழே கைக்கோடரி, சுரண்டி, வெட்டுக்கருவி என்று ஏராளமான கற்கருவிகள். அவற்றின் வயது சுமார் 12,000 ஆண்டுகள் என்று அகழாய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வேட்டையாடி வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து கருவி செய்த பட்டறை இது என்றும் சொன்னார்கள்.

இந்தக் கருவிகள் கிடைத்த ஆழம் 75 சென்டிமீட்டர்.

ஒரு சாதாரண வீட்டுக்கு வானம் தோண்டினாலே நான்கைந்து அடி போய்விடும். டிராக்டர் உழவு ஓரடி வரை மண்ணைப் புரட்டும். ஜேசிபி ஒரு தடவை கையை இறக்கித் தூக்கினால் முக்கால் மீட்டர் முடிந்தது. ரோமானியச் சாடியும், அதை வாங்கியவர் வீட்டுச் சுவரும், அந்த வீடு எழுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பு அங்கே கல் உடைத்தவரின் பட்டறையும் ஒரே அள்ளலில் லாரிக்குப் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. மண் தேவைப்பட்டது, அள்ளினார்கள், அவ்வளவுதான்.

ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டும் கரையில் ஆயிரம் ஆண்டுக்குள் பல மீட்டர் மண் ஏறிவிடும். ஆற்றுக்கு எட்டாத மேட்டு நிலத்தில் அப்படி இல்லை. காற்றும் மழையும் சேர்ப்பதில் பாதியை மழையே அரித்துக்கொண்டு போகும். இடிந்த மண்சுவரும் சாம்பலும் குப்பையும்தான் மேட்டை உயர்த்துகின்றன. அதனால் மெல்லிய ஒரு மண் அடுக்குக்குள் நெடுங்காலம் அடங்கிக் கிடக்கிறது. மெல்லியது என்பதாலேயே அது எளிதில் அழியக்கூடியது.

கட்டடக்கலை வரலாறு என்றால் நம் மனம் உடனே காஞ்சிபுரத்துக்குப் போகிறது. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில், ஏகாம்பரநாதர் கோபுரம். அதில் தவறில்லை. ஆனால் நின்றுகொண்டிருப்பவை எல்லாம் தப்பிப் பிழைத்தவை. கல்லில் கட்டியதால் நிற்கின்றன. பூசை நின்றுபோகாததாலும், யாரோ பழுது பார்த்ததாலும் நிற்கின்றன. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதினால், தமிழர்கள் ஏழாம் நூற்றாண்டில்தான் திடீரென்று கட்டத் தொடங்கினார்கள் என்று ஆகிவிடும்.

அது உண்மையில்லை என்பதற்குப் பல்லவ மன்னன் ஒருவனே சாட்சி. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்ததாகப் பெருமையோடு சொல்கிறது. எதையெல்லாம் தவிர்த்தேன் என்று அவன் அடுக்கும் பட்டியல்தான் அதுவரை எல்லாரும் எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதற்கான ஆவணம். செங்கல், மரம், உலோகம், சுதை. இவற்றில் மரம் மக்கிப்போனது. உலோகம் துருப்பிடித்தது அல்லது உருக்கப்பட்டது. மிச்சமிருப்பது செங்கல்லும் கொஞ்சம் சுதையும். அவையும் மண்ணுக்கடியில்தான் இருக்கின்றன.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், கீழே செங்கல் மேலே கல் என்ற இந்த வரிசை அப்படியே கிடைத்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கடற்கரைப் பாறை ஒன்றில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. 2005-ல் தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் எச்சம் வந்தது. அதற்குக் கீழே சங்க காலத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் செங்கல் கோயில் வந்தது. வடக்குப்பட்டிலும் மேலே பல்லவர் பாணிச் சிற்பம், கீழே செங்கல். தொண்டை மண்டலத்தில் கல் கோயில்கள் பல இப்படிச் செங்கல்லின் தோளில் ஏறி நிற்பவை என்றே நினைக்கிறேன். கருங்கல்லுக்கு மாறிய பிறகும் செங்கல் மறையவில்லை. உத்திரமேரூர் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலில் கல் அடித்தளத்தின் மேல் மூன்று நிலை விமானம் செங்கல்லும் சுதையுமாக இன்றும் எழுந்து நிற்கிறது.

மண்ணில் புதைந்த கட்டடத்தை அகழாய்வாளர் எப்படிப் படிக்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு மரக்கம்பம் நட்ட குழியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் மக்கிப்போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அது இருந்த இடத்தில் மேலிருந்து வேறு மண் இறங்கி நிரம்பியிருக்கிறது. சுற்றியுள்ள மண் செம்மையாகவும் இறுகியும் இருக்க, இந்த மண் கறுப்பாகவும் பொலபொலவென்றும் இருக்கும். அகழாய்வுக் குழியில் தரையைக் கரண்டியால் மெல்லிசாகச் சீவிக்கொண்டே வரும்போது வட்டமாக ஒரு கருநிறக் கறை தெரியும். கையளவு அகலம்தான் இருக்கும். வெயில் ஏறினால் நிற வேறுபாடு மங்கிவிடும். அதனால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஒரு கறை கிடைத்தால் சுண்ணாம்புத் தூளால் வளைத்துக் குறித்துவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். ஒரே இடைவெளியில் நான்கைந்து அமைந்துவிட்டால் அங்கே ஒரு கூரை நின்றது என்று சொல்லிவிடலாம். கம்பங்களின் தடிமனிலிருந்து கூரையின் பாரத்தையும், இடைவெளியிலிருந்து உத்தரத்தின் நீளத்தையும் ஊகிக்கலாம். ஒரு வீட்டின் முழு வரலாறும் மண்ணின் நிற வேறுபாடாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மண்வெட்டி போட்டுத் தோண்டுபவர் கண்ணுக்கு அது படாது. அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது.

செங்கல் இதைவிடத் தெளிவாகப் பேசும். சங்க காலச் செங்கல் இன்றைய செங்கல்லைப் போல இருக்காது. நீளமும் அகலமும் அதிகம், கனம் குறைவு. கனம் ஒரு பங்கு என்றால் அகலம் ஏறக்குறைய மூன்று பங்கு, நீளம் ஆறு பங்கு என்ற விகிதம் பல இடங்களில் காணப்படுகிறது. இன்று சூளையிலிருந்து வருவது ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள கல். பழையவர்கள் ஏன் தட்டையாக அறுத்தார்கள்? பச்சைக் கல் நடுவரை சீராகக் காய வேண்டும், சூளையில் நடுவரை வேக வேண்டும். கனமான கல்லில் வெளிப்புறம் வெந்து உள்ளே கறுப்பாக நின்றுவிடும். தட்டையான கல்லில் அந்தச் சிக்கல் குறைவு. அகலமான கல் சுவரில் பரந்து உட்காருவதால், வெறும் மண் சாந்திலேயே சுவர் நிலையாக நிற்கும்.

கீழடியில் கிடைத்த செங்கல், கூரை ஓடு, சுண்ணாம்புச் சாந்து மாதிரிகளை வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு செய்தார்கள். செங்கல்லிலும் ஓட்டிலும் மணற்சத்தான சிலிக்கா 80 சதவீதம் வரை, சுண்ணாம்பு சுமார் 7 சதவீதம். சாந்தில் சுண்ணாம்பு 97 சதவீதம் வரை. கைக்குக் கிடைத்த மண்ணை அள்ளி அறுத்தவர்கள் இல்லை இவர்கள். எந்த மண் வெடிக்காமல் வேகும் என்று தெரிந்தவர்கள்.

ஒரு செங்கல் எப்போது சுடப்பட்டது என்பதையும் அந்தக் கல்லிலிருந்தே அறிய வழி இருக்கிறது. களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன. சூளையின் வெப்பம் அந்தச் சேமிப்பைத் துடைத்துப் பூஜ்யமாக்கும். அணைந்த நாளிலிருந்து மறுபடி சேரத் தொடங்கும். ஆய்வகத்தில் மீண்டும் சூடாக்கும்போது அந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து வருடத்தைக் கணக்கிடுகிறார்கள். வெப்ப ஒளிர்வு முறை என்று பெயர். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றியிருந்த மண்ணின் கதிரியக்க அளவும் தெரிந்தால்தான் கணக்கு சரியாக வரும். கல்லை மட்டும் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால் அதன் வயது பாதி தொலைந்துபோனது போலத்தான்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அகழாய்வைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமாகாது. புதைந்த கட்டடத்தைத் தோண்டி வெளியே எடுப்பது பல சமயம் அதைக் கொல்வதாக முடிகிறது.

மண்ணுக்குள் இருக்கும்வரை செங்கல் சுவர் பத்திரமாக இருக்கிறது. ஈரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வெப்பநிலையும் பெரிதாக மாறாது. இரு பக்கமும் மண் அணைத்துப் பிடித்திருக்கும். தோண்டிய நாளிலிருந்து எல்லாம் தலைகீழ். ஒரு பக்கம் வெயிலும் காற்றும். அடியில் இன்னும் ஈர மண். செங்கல் முழுக்க நுண்துளைகள். அந்தத் துளைகள் வழியே தண்ணீர் மேலே ஏறி, வெளிமுகத்துக்கு வந்து ஆவியாகிறது. வரும்போது மண்ணில் கரைந்திருந்த உப்புகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். செங்கல்லின் தோலுக்கு அடியில் அது படிகமாக வளரும்போது ஏற்படும் அழுத்தம் கல்லின் இழுவலிமையை மீறிவிடும். முகம் பொரிந்து தகடு தகடாக உதிரும். சோடியம் சல்பேட் உப்பு இதில் மிக மோசமானது. ஈரம் கிடைத்தால் தண்ணீரைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் பருமன் கூடும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் நனைந்து, மாசியில் காய்ந்து, சித்திரையில் வெந்து, ஆடிச் சாரலில் மறுபடி நனையும் நம் ஊர்த் தட்பவெப்பம் இந்த விளையாட்டுக்கு ஏற்றது. மண் சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் உப்பு வேலையை முடிக்கும்வரை காத்திருக்கவே வேண்டாம். முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே சாந்து கரைந்து ஓடும். பிறகு எருக்கும் வேம்பும் முளைக்கும்.

ஆகவே பல அகழாய்வுகளில் வரைந்து, படமெடுத்து, அளந்து முடித்ததும் குழியை மூடிவிடுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போவதுண்டு. இவ்வளவு செலவு செய்து தோண்டிவிட்டு ஏன் மூடுகிறார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். அப்படியில்லை. மூடுவது ஒரு பாதுகாப்பு முறை; ஒழுங்காகச் செய்தால் அதைவிட மேலான முறை கிடையாது. சுவரின் மேல் நீர் ஊடுருவும் துணியை விரித்து, உப்பில்லாத சலித்த மணலைப் பரப்பி, அதன்மேல் மண் போட வேண்டும். பிற்காலத்தில் யாராவது தோண்டினால் அந்தத் துணி அவர்களை நிறுத்தும்.

ஒழுங்காக மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழு கண்டுபிடித்த 36 லட்சம் ஆண்டு பழமையான காலடித் தடங்களை 1979-ல் மணல் போட்டு மூடினார்கள். அந்த மணலில் வேல மர விதைகள் கலந்திருந்தன. மரங்கள் முளைத்து வேர்கள் தடங்களை நோக்கி இறங்கின. 1990-களில் மறுபடி திறந்து, வேர்களை அறுத்து எடுத்து, வேர் புகாத துணிகளை அடுக்கி மீண்டும் மூட வேண்டியிருந்தது.

மண்ணுக்கு மேலே நிற்கும் கட்டடங்களுக்கு வருவோம். அவற்றுக்கு எதிரி வேறு. பெரும்பாலும் அன்போடு வரும் எதிரி.

காஞ்சி கைலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டினான். அடித்தளத்தில் கருங்கல்; மேலே பெரும்பகுதி மணற்கல். மணற்கல்லில் சிற்பிக்குக் கை நன்றாக ஓடும். ஆனால் அது நீரை உறிஞ்சும், துகள் துகளாக உதிரும். அதனால் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, வண்ணம் தீட்டினார்கள். 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இங்கே திருச்சுற்றின் சிறு சன்னதிகளில் பல்லவ ஓவியங்களைக் கண்டுபிடித்தார்; அவை இருந்ததும் இப்படிப்பட்ட பூச்சின் மேல்தான். பின்னாளில் பழுது பார்த்தவர்கள் சிதைந்த சிற்பங்களின் மேல் கனமாகச் சாந்து அப்பிப் புதிதாக முகம் செய்தார்கள். இன்று அந்தக் கோயிலில் ஒரு சிங்கத்தைப் பார்த்தால் எது பல்லவன் செதுக்கியது, எது பிற்காலக் கொத்தனார் அப்பியது என்று நின்று நிதானித்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

சுண்ணாம்பின் அறிவியல் அழகானது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு அரைத்துச் சாந்தாக்கிப் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகிவிடும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது இந்த இறுகலைக் கட்டுப்படுத்தவும் நீர்ப்பிடிப்பைக் குறைக்கவும்தான். முழுக்க இறுக மாதங்கள், சுவர் கனமாக இருந்தால் ஆண்டுகள் ஆகும். இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும். சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறும். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து சேர்ந்து அசைந்துகொடுக்கும். மயிரிழை வெடிப்புகளைக் கரைந்து வரும் சுண்ணாம்பே அடைத்துக்கொள்வதும் உண்டு.

சிமென்ட் இதற்கு நேர் எதிர். சீக்கிரம் இறுகும், கடினமாக இறுகும், ஈரத்தை விடாது. புதுக் கட்டடத்துக்கு இவை நல்ல குணங்கள். பழைய செங்கல்லின் மேலோ மணற்கல்லின் மேலோ பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். பூச்சு முழுசாக நிற்கும், உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும். சிமென்டிலேயே சல்பேட்டும் கார உப்புகளும் இருப்பதால், இல்லாத நோயையும் அது கொண்டுவந்து சேர்க்கிறது. திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ ஊர்க் கோயில்களில் இது நடந்திருக்கிறது. மணலைப் பீய்ச்சி அடித்துச் சிற்பங்களைச் சுத்தம் செய்தார்கள். கல்வெட்டு இருந்த தளத்தைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் பக்தி உள்ளவர்கள், கைக்காசைக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு யாரும் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லவில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்த பிறகு நிலைமையில் கொஞ்சம் கவனம் வந்திருக்கிறது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் மட்டும் போதிய அளவில் இல்லை.

எப்படியானாலும் நிற்கும் கட்டடத்துக்கு ஆதரவாக ஒரு சட்டமாவது இருக்கிறது. 1958-ன் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கின்றன. ஆனால் சின்னம் பட்டியலில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. பட்டியலில் ஏற வேண்டுமானால் அது இருப்பது முதலில் தெரிய வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தின் கல்வட்டங்கள் பல அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம், அவை தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்ததுதான். புல் முளைத்த ஒரு மேட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்பது இருக்கட்டும், நன்றாகத் தெரிந்த கட்டடத்துக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். நாகப்பட்டினத்தில் பழைய பௌத்த விகாரத்தின் எச்சமான ஒரு செங்கல் கோபுரம் கடலோரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தது. அதை வரைந்த ஓவியம் இருக்கிறது. அதைக் காக்க வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1867-ல் அரசு அனுமதியோடு இடித்துவிட்டார்கள். பஞ்சாபில் ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்தெடுத்து லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு அடியில் கொட்டினார்கள். அந்த நகரம் நாலாயிரம் ஆண்டு பழையது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாமல் அழிவதுதான் பெரும்பங்கு.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்திருக்கின்றன. தொழிலும் தொன்மையும் ஒரே நிலத்தில் மோதும்போது வேறு நாடுகள் என்ன செய்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானின் சாகா மாநிலத்தில் யோஷினோகாரி என்ற இடத்தில் தொழிற்பேட்டை அமைக்கத் திட்டமிட்டார்கள். அங்கே வேலைக்கு முன்பு அகழாய்வு செய்யும் வழக்கம் இருந்ததால் 1986-ல் தோண்டத் தொடங்கினார்கள். அகழி சூழ்ந்த ஒரு பெரிய பழங்காலக் குடியிருப்பு வெளிவந்தது. காவல் கோபுரங்கள் நின்றதைக் காட்டியவை கம்பக் குழிகள்தான். 1989-ல் செய்தி நாடெங்கும் பரவி மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். மாநில அரசு தொழிற்பேட்டைத் திட்டத்தை நிறுத்தியது. 1991-ல் அது சிறப்பு வரலாற்றுச் சின்னமானது. 2001-ல் தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

லண்டனில் வேறு தீர்வு கண்டார்கள். 1989-ல் தேம்ஸ் கரையில் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்தது. கட்டடத்தை நிறுத்தவில்லை. தூண்களின் இடத்தை மாற்றி, அரங்கின் மேலே தாண்டி நிற்கும்படி வரைபடத்தைத் திருத்தினார்கள். எச்சங்களை மணலால் மூடி, காயாமல் இருக்க மேலே தண்ணீர் நிற்க வைத்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் புதிய நெறிமுறை வந்தது. நிலத்தில் என்ன இருக்கிறது என்று கட்டுபவர் தன் செலவில் முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் அனுமதி.

முதலில் பார்ப்பது என்றால் முழு நிலத்தையும் தோண்டுவது என்று அர்த்தமில்லை. சுட்ட செங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. களிமண்ணில் இருக்கும் இரும்புத் தாதுக்கள் சூளையில் 600 டிகிரியைத் தாண்டிச் சூடாகிக் குளிரும்போது, அந்தக் கணத்துப் புவிக் காந்தப்புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மண்ணுக்கடியில் செங்கல் குவியலோ சூளையோ அடுப்போ இருந்தால், மேலே காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே அளவீட்டில் ஏற்ற இறக்கம் தெரியும். ரேடார் அலையைத் தரைக்குள் அனுப்பி எதிரொலியைப் படிக்கும் கருவியும் இருக்கிறது. கீழடியில் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்தன. ஒரு தொழிற்பேட்டைக்கு மண் பரிசோதனையும் நில அளவையும் செய்யும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஆலைக்கு ஆகும் முதலீட்டோடு ஒப்பிட்டால் செலவு பொருட்டே இல்லை.

பெரிய நிலப்பரப்பைக் கையகப்படுத்துவதற்கு முன் தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்று சட்டம் வர வேண்டும். தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் கண் நிற்கும் கட்டடங்களோடு நின்றுவிடாமல் மேடுகளின் மீதும் விழ வேண்டும். இந்த வட்டாரம் ஏதோ ஒதுக்குப்புறம் அல்ல. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் இதே சமவெளியில்தான் இருக்கிறது. அவர் அதை எடுத்ததும் சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில்தான். சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படையைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் எதிர்த்து நின்ற மணிமங்கலமும் பக்கத்தில்தான்.

சட்டம் வரும்வரை முதல் கண் உங்களுடையதுதான். இந்த வட்டாரத்தில் மனை வாங்குபவராக, போர்வெல் போடுபவராக, மண் லாரி ஓட்டுபவராக, ஆலை கட்டும் சைட் எஞ்சினியராக நீங்கள் இருக்கலாம். தோண்டும்போது ஒரு அடிக்கு மேல் நீளமும் இரண்டு மூன்று அங்குலமே கனமும் உள்ள செங்கல் வரிசையாக வந்தால், கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் குவியலாக வந்தால், வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். எதையும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ பேனாவையோ வைத்துப் படம் எடுங்கள். குழியின் பக்கவாட்டுச் சுவரையும் சேர்த்து எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எழுதிக் கொடுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டின் சட்டம்.